கற்பூர மரம், தைல மரம், ஆர்.எஸ்.பதி மரம்: அம்மாவோட ஊட்டியில அஞ்சு நாள்

ஊருக்கு வந்து ஒரு வாரம் ஆச்சு, இன்னும் ரெண்டு பேருக்கும் கால் வலி போகல. போன்ல அன்னன்னிக்கு ராத்திரி குறிச்சு வச்சதைத்தான் நாள் நாளா போடுறேன், அங்கங்க கொஞ்சம் சேர்த்திருக்கேன்.

ஜனவரி 17, வெள்ளி: மேட்டுப்பாளையம், பர்லியார், குன்னூர்

எதுக்குப் போனோம்னு முதல்ல சொல்லிடுறேன். எங்க ஊர் புதுக்கோட்டை பக்கம். அங்க யூகலிப்டஸ்னு சொன்னா பாதிப் பேருக்குப் புரியாது, ஆர்.எஸ்.பதி மரம்னு சொல்லணும். தைல பாட்டில் மேல இருந்த பேரு அப்படியே மரத்துக்கு ஒட்டிக்கிச்சு. எங்க அப்பா 2008-ல ரெண்டு ஏக்கர் மானாவாரில இந்த மரத்தை நட்டாரு. கடலை போட்டு மழை இல்லாம மூணு வருஷம் நஷ்டம், அதுக்கப்புறம்தான் நட்டாரு. 2013-ல ஒரு வெட்டு, அடிக்கட்டை தானா தழைஞ்சு வந்து 2019-ல ஒரு வெட்டு. இப்ப மூணாவது வெட்டுக்கு வியாபாரி பொங்கலுக்கு முன்னாடியே வந்து அட்வான்ஸ் நீட்டுறாரு. அப்பா இல்ல. வெட்டினப்புறம் இன்னொரு தடவை தழைய விடுறதா, இல்ல கட்டையைத் தோண்டி எடுத்துட்டுப் பழையபடி வெள்ளாமை பண்றதான்னு வீட்ல ஒரு மாசமா பேச்சு. எங்க நிலத்துக்குக் கீழ இருக்குற கண்மாய் நிறைஞ்சு நான் பார்த்து ரொம்ப வருஷம் ஆச்சு, மரத்தாலதான்னு ஒரு கூட்டம் சொல்லுது, மழையே இல்லன்னா கண்மாய் எப்படி நிறையும்னு இன்னொரு கூட்டம் சொல்லுது. அம்மா எதுவும் சொல்லல. "தைலம் காய்ச்சுற எடத்த ஒரு தடவ கண்ணால பாக்கணும்டா"ன்னு மட்டும் சொன்னாங்க. அம்மா நாப்பது வருஷமா தலையணைக்கு அடியில தைல பாட்டிலோட தூங்குறவங்க. சரின்னு கிளம்பிட்டோம்.

காலையில ஏழு மணிக்கு மேட்டுப்பாளையம். பஸ் ஸ்டாண்ட் எதிர்ல ரெண்டு இட்லி ஒரு வடை அம்பது ரூபா, சாம்பார்ல வெல்லம் போட்டிருந்தாங்க, அம்மாவுக்குப் பிடிக்கல. மலை ரயில்ல டிக்கெட் இல்ல, பஸ்தான். பர்லியார்ல டீ குடிக்க நிறுத்தின பஸ் திரும்பக் கிளம்பல. ரேடியேட்டர் கொதிக்குதுன்னு டிரைவர் இறங்கிட்டாரு, ஒன்றரை மணி நேரம். குரங்கு ஒண்ணு ஜன்னல் வழியா கையை விட்டு அம்மாவோட முறுக்குப் பையைப் பிடுங்கிட்டு ஓடிருச்சு, அது வீட்ல சுட்ட பொங்கல் முறுக்கு, அம்மா மொகம் வாடிப் போச்சு. பின் சீட்ல இருந்த ஒரு அக்கா, குன்னூர்ல ஆஸ்பத்திரி வேலைக்குப் போறவங்க, தன்னோட டப்பாவைத் திறந்து ரெண்டு எலுமிச்சை சாத உருண்டையை அம்மா கையில வச்சாங்க. "வேணாம்மா"ன்னு சொல்லச் சொல்ல வச்சுட்டாங்க. கண்டக்டரும் கடையிலேர்ந்து சுடுதண்ணி வாங்கிட்டு வந்து கொடுத்தாரு.

காட்டேரி தாண்டினதும் காத்துல அந்த வாசனை வந்துச்சு. அம்மா கண்ணை மூடிக்கிட்டாங்க. ஜன்னலுக்கு வெளிய பார்த்தா நான் இதுவரைக்கும் பார்க்காத உயரத்துல மரம். எங்க ஊர்ல நாங்க அஞ்சாறு வருஷத்துல வெட்டிடுறதால தொடை தண்டிக்கு மேல மரத்தைப் பார்த்ததே இல்ல. இங்க ரெண்டு பேர் கை கோர்த்தாலும் அடங்காத மரம், பட்டை நீள நீளமா உரிஞ்சு தொங்குது, உள்ள வழவழன்னு வெள்ளையும் சாம்பலும் நீலமும் கலந்த உடம்பு. இந்த மலையில இதுக்குப் பேரு கற்பூர மரம். எங்க மரத்துக்கு இவ்வளவு அழகான பேரு இருக்கும்னே எனக்குத் தெரியாது.

வெலிங்டன் தாண்டித்தான் ஊட்டி போகணும். அங்கதான் கதை ஆரம்பம். 1843-ல மெட்ராஸ் இன்ஜினியர்ஸ்ல இருந்த கேப்டன் காட்டன்ங்கிற அதிகாரி ஆஸ்திரேலியா பக்கத்து மரமான இதை நீலகிரிக்குக் கொண்டு வந்தாரு. அப்புறம் வெலிங்டன்ல (பழைய பேரு ஜகதளா) பெரிய ராணுவ பாரக்ஸ் வந்துச்சு, ஊட்டியில வெள்ளைக்காரங்க பங்களா வந்துச்சு. குளிர்ல அத்தனை வீட்லயும் கணப்பு எரியணும், அத்தனை சமையக்கட்டும் எரியணும். எரிச்சது முழுக்க சோலை மரம், சோலைன்னா இந்த மலைப் பள்ளத்துல தானா வளர்ந்த பழைய காடு. சோலை மரம் ஒரு ஆள் தண்டிக்கு வர தலைமுறைக் கணக்கு ஆகும், வெட்டினா சீக்கிரம் திரும்ப வராது. அதனால 1856-லேர்ந்து விறகுக்காகவே இதை வரிசையா நட ஆரம்பிச்சாங்க. சோலையைக் காப்பாத்த வந்த மரம்னு கூட சொல்லலாம், நான் இதை எதிர்பார்க்கவே இல்ல.

ஜனவரி 18, சனி: ஊட்டி

ராத்திரி ரூம்ல தூங்கவே முடியல. 1,400 ரூபா வாடகை, சுடுதண்ணி காலையில ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் மட்டும், அதுவும் பக்கெட் கணக்கு, ரெண்டாவது பக்கெட்டுக்கு முப்பது ரூபா. ஆறரைக்கு வெளிய வந்தா புல் மேல உப்பு தூவினாப்ல வெள்ளையா உறைபனி. அம்மா குனிஞ்சு தொட்டுப் பார்த்து "ஐஸா இது"ன்னு சின்னப் பிள்ளையாட்டம் கேட்டாங்க. டீக்கடைக்காரரு தலைகுந்தா பக்கம் இன்னும் அதிகம்னு சொன்னாரு. டீ 15, வர்க்கி ஒண்ணு 5. வர்க்கியை டீயில முக்கி எடுக்கணும், எடுக்கிறதுக்குள்ள ஊறி விழுந்துரும், கடையில இருந்த ஒரு பெரியவர் எத்தனை நேரம் முக்கணும்னு செஞ்சு காட்டினாரு.

அந்தப் பெரியவர்தான் இந்தப் பயணத்துல எங்களுக்குக் கிடைச்ச பெரிய பாக்கியம். எழுபதுக்கு மேல வயசு, படுகர், வெள்ளைச் சீலை போர்த்தியிருந்தாரு. மண் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்துல களப்பணியாளரா இருந்து ரிட்டயர் ஆனவரு. கற்பூர மரம் பார்க்க வந்தோம்னு சொன்னதும் ஆச்சரியமா பார்த்தாரு, ஊட்டிக்கு வந்து ரோஜாவை விட்டுட்டு அதைப் பார்க்க வந்தவங்க நீங்கதான்னு சொல்லிட்டு, எங்களோடயே நடந்து பொட்டானிக்கல் கார்டன் வரைக்கும் வந்தாரு.

கார்டன்ல அவர் முதல்ல காட்டினது ஒரு கன்னு. இலை வட்டமா, ஜோடி ஜோடியா, காம்பே இல்லாம தண்டோட ஒட்டி, சாம்பல் பூசின நீலத்துல இருந்துச்சு, தண்டு சதுரமா இருக்கு. அப்புறம் பக்கத்துல பெரிய மரத்தைக் காட்டி "இதுவும் அதுவும் ஒண்ணுதான்மா"ன்னாரு. பெரிய மரத்துல இலை அருவா மாதிரி வளைஞ்சு கீழ தொங்குது. அந்தச் சின்ன இலையோட நீலத்தாலதான் வெள்ளைக்காரன் புளூ கம்னு பேரு வச்சான். கீழ கிடந்த காய் ஒண்ணை எடுத்து அம்மா கையில கொடுத்தாரு, சட்டைப் பித்தான் மாதிரி. மொட்டுக்கு மேல ஒரு மூடி இருக்கும், பூக்கும்போது அது கழண்டு விழும். நல்லா மூடினதுன்னு அர்த்தம் வர்ற கிரேக்கச் சொல்லுலேர்ந்துதான் 1788-ல லெரித்தியேங்கிற பிரெஞ்சுக்காரர் யூகலிப்டஸ்னு பேரு வச்சாரு. அந்த மூடி ரெண்டை அம்மா சேலை முந்தியில முடிஞ்சு வச்சுக்கிட்டாங்க.

இந்த மரம் உலகம் சுத்தின கதையை பெஞ்ச்ல உக்காந்து பேசிக்கிட்டு இருந்தோம், கொஞ்சம் அவர் சொன்னது, கொஞ்சம் நான் படிச்சுட்டு வந்தது. மெல்பர்ன்ல வோன் முல்லர்னு ஒரு தாவரவியல் அறிஞர், இந்த மரம் இருந்தா காய்ச்சல் வராதுன்னு நம்பி எல்லா நாட்டுக்கும் வித்து அனுப்பினாரு. அவர் தூண்டிவிட்டு ஜோசப் பொசிஸ்டோங்கிற மருந்துக்கடைக்காரர் 1852-ல மெல்பர்ன் பக்கம் ஒரு ஓடைக்கரையில இலையைக் காய்ச்சி எண்ணெய் எடுத்தாரு, வியாபாரமா தைலம் காய்ச்சினது அங்கதான் ஆரம்பம். ரோம் பக்கம் மலேரியா பிடிச்ச ஒரு மடத்துல துறவிங்க ஆயிரக்கணக்குல நட்டாங்க, அல்ஜீரியாவுல நட்டாங்க. வாசனைதான் காய்ச்சலை விரட்டுதுன்னு நம்பிக்கை. சதுப்புத் தண்ணியை மரம் உறிஞ்சுனதால கொசு கொறைஞ்சிருக்கும், அவ்வளவுதான். கொசுதான் மலேரியாவைத் தூக்கிட்டுத் திரியுதுன்னு ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்ல கண்டுபிடிச்சது 1897-ல. அதே வருஷம் அவரு ஊட்டிக்கு வந்து, இங்கேர்ந்து சீகூர் இறக்கத்துப் பக்கம் போய் மலேரியாவுல படுத்துட்டாரு. காய்ச்சலை விரட்டும்னு நம்பின மரமா சுத்தி நிக்குற ஊர்ல இருந்து போயும்.

அப்பதான் பெரியவர் மெதுவா சொன்னாரு, "சதுப்ப வத்த வைக்குதுன்னு சந்தோஷமா நட்டாங்க பாருங்க, அதே குணம்தான் தம்பி, இடம் மாறினா வேற பேரு." திங்கக்கிழமை ஒன்பதாவது மைலுக்கு வாங்க, நான் ஒண்ணு காட்டுறேன்னாரு.

மத்தியானம் மழை மாதிரி மேகம் கூடிச்சு, பெய்யல. சாப்பாடு 120 ரூபா, கேரட் பொரியல் மட்டும் மூணு தடவை வாங்கினேன், அவ்வளவு இனிப்பு.

ஜனவரி 19, ஞாயிறு: தைல அடுப்பு

ஊட்டியிலேர்ந்து மினி பஸ்ல முக்கால் மணி நேரம், அப்புறம் கேரட் தோட்டத்துக்கு நடுவுல ஒண்ணரை கிலோமீட்டர் இறக்கம். அம்மாவுக்கு முட்டி வலி, நடுவுல ரெண்டு தடவை உக்காந்தாங்க. எதிர்ல வந்த பையன் ஒருத்தன், பத்தாவது படிக்கிறவன், சொல்லாமலேயே அம்மா பையை வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டு திரும்ப எங்களோடயே கீழ வந்தான். காசு கொடுத்தேன், ஓடிட்டான்.

தைலம் காய்ச்சுற இடம்னா நான் ஏதோ ஃபேக்டரின்னு நெனச்சிருந்தேன். தகரக் கொட்டகை. நடுவுல பெரிய அண்டா, பாதி மண்ணுக்குள்ள, கீழ அடுப்பு. அண்டா முழுக்க இலையை அமுக்கி அமுக்கி மிதிச்சு நிரப்புறாங்க, ஒரு தடவைக்கு நானூறு கிலோ வாக்குல. மூடியை வச்சு ஓரத்துல மண்ணைக் குழைச்சுப் பூசி அடைக்கிறாங்க. கீழ தண்ணி கொதிச்சு ஆவி இலைக்குள்ள புகுந்து எண்ணெயையும் தூக்கிட்டு மேல வருது, குழாய் வழியா போய் தண்ணித் தொட்டிக்குள்ள சுத்திச் சுத்தி இறங்குது, கடைசில ஒரு சின்னப் பாத்திரத்துல சொட்டுச் சொட்டா விழுது. எண்ணெய் தண்ணி மேல மிதக்கும், மேலோட வழிச்சு எடுத்துக்குறாங்க. மூணு நாலு மணி நேரம் எரிச்சா நாலு லிட்டர். நூத்துக்கு ஒண்ணு. காய்ச்சி முடிச்ச சக்கை இலையைக் காய வச்சு அதையே அடுத்த அடுப்புக்கு எரிக்கிறாங்க, விறகுச் செலவு இல்ல.

அம்மா அந்தச் சொட்டு விழுற இடத்துல உக்காந்தவங்க எழுந்திரிக்கவே இல்ல. அடுப்புக்காரர் ஒரு துளியை அவங்க உள்ளங்கையில விட்டாரு. கடையில வாங்குற தைலத்துக்கும் இதுக்கும் இருக்குற வித்தியாசத்தை எனக்கு எழுதத் தெரியல, மூக்கு வழியா ஏறி கண்ணுக்குப் பின்னாடி போய் நின்னுச்சு. அதோட உயிர் சினியோல்னு ஒரு பொருள், மருந்துக்கு வாங்குறவங்க நூத்துக்கு எழுபதாவது அது இருக்கணும்னு கேக்குறாங்க. இருமல் மிட்டாய், டூத் பேஸ்ட், வலி களிம்பு, சளிக்கு ஆவி பிடிக்கிறதுன்னு எல்லாத்துலயும் இதான். ஒரு காலத்துல ஆஸ்திரேலியாவுல சுரங்கத்துத் தாதுவை நுரையில மிதக்க விட்டுப் பிரிக்கிறதுக்குக் கூட இந்த எண்ணெய் தேவைப்பட்டுச்சாம். "வெளிப் பூச்சுக்குத்தாம்மா, உள்ள குடுத்துராதீங்க, பச்சப் புள்ளைக்கு ஒரு ஸ்பூன் உள்ள போனாலே ஆபத்து"ன்னு அடுப்புக்காரர் ரெண்டு தடவை அழுத்திச் சொன்னாரு. எங்க ஊர்ல சளிக்குச் சர்க்கரையில ரெண்டு சொட்டு விட்டுக் குடுக்குற பழக்கம் உண்டு, அம்மா என்னைப் பார்த்தாங்க.

வியாபாரம் எப்படின்னு கேட்டேன். முன்ன இந்தச் சுத்துவட்டாரத்துல பன்னெண்டு அடுப்பு எரிஞ்சது, இப்ப மூணு. கொரோனா வருஷம் ஆவி பிடிக்கிறதுக்காக விலை ஏறுச்சு, அப்புறம் இறங்கிடுச்சு. சீனாவுலேர்ந்து வர்ற எண்ணெய் இதைவிட மலிவு. ரோட்டுக் கடைகள்ல அம்பது ரூபாய்க்கு விக்கிறதுல என்னென்னமோ கலப்படம். அவரு ஒரு வழி சொல்லிக் கொடுத்தாரு, வெள்ளைத் தாள்ல ஒரு சொட்டு விட்டு விட்டுருங்க, சுத்தமான தைலம் முழுசா பறந்துரும், கறை நின்னா வேற எண்ணெய் கலந்திருக்கு. நான் ரூம்ல செஞ்சு பார்த்தேன், முந்தின நாள் ஊட்டிக் கடையில 80 ரூபாய்க்கு வாங்கினது கறை நின்னுச்சு, இங்க 150-க்கு வாங்கின நூறு மில்லி காணாமப் போச்சு.

எங்க ஊர்ல ரெண்டு ஏக்கர் நிக்குது, நாங்களே காய்ச்சலாமான்னு ஆசையா கேட்டேன். அவர் சிரிக்கல, பொறுமையா சொன்னாரு. சமவெளியில நிக்கிறது வேற ஜாதி தம்பி, மைசூர் கம்னு சொல்லுவாங்க, நந்தி மலையில பழைய காலத்துல வளர்ந்த மரங்களோட வித்துலேர்ந்து பரவுனது, இலையில எண்ணெய் கம்மி, அதுலயும் மருந்துச் சரக்கு கம்மி. இந்தப் புளூ கம் குளிர் மலையிலதான் வரும். நந்தி மலைன்னா திப்பு சுல்தான் 1790 வாக்குல நட்ட இடம், இந்தியாவுக்கு யூகலிப்டஸ் முதல்ல வந்ததே அங்கதான். ஆக தைல பாட்டில்ல இருந்து பேரை வாங்கிக்கிட்ட எங்க மரம், தைலத்துக்கான மரமே இல்ல. வெறும் கட்டைக்கு நிக்கிற மரம். பதினாறு வருஷமா அந்த மரத்தோட இருந்தும் இது எனக்குத் தெரியாது.

இலை மூட்டையை இறக்கிட்டு ஒரு பாட்டி வந்து உக்காந்தாங்க. விழுந்த இலையும் வெட்டுன கிளை இலையும் பொறுக்கிட்டு வருவாங்க, கிலோ அஞ்சு ரூபா. பேச்சுக் குடுத்தா சிலோன்லேர்ந்து வந்தவங்க. சாஸ்திரி ஒப்பந்தத்துல (சிலோன் தோட்டத் தமிழரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பின ஒப்பந்தம்) கப்பல் ஏறினவங்க, தலைமன்னார்ல ஏறி ராமேஸ்வரத்துல இறங்கி மண்டபம் கேம்ப்ல இருந்து இங்க அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினாங்களாம். "அங்கயும் தேயிலை மலையில இதே மரந்தான் ஆத்தா, இங்கயும் இதே மரந்தான், மத்தது எல்லாம் மாறிப் போச்சு." எந்த ஊருன்னு அம்மா கேட்டாங்க. தாத்தா காலத்துல புதுக்கோட்டைச் சீமைன்னு சொல்லுவாங்க, எந்த ஊருன்னு தெரியாதுன்னாங்க. அம்மா அதுக்கப்புறம் அவங்க கையை விடவே இல்ல. கிளம்பும்போது முந்தியிலேர்ந்து நூறு ரூபா எடுத்தாங்க, பாட்டி வாங்கல. மாத்தி, பாட்டி தன்னோட மூட்டையிலேர்ந்து நீல நிறக் கொழுந்து இலை ஒரு கொத்து எடுத்து அம்மாகிட்ட கொடுத்தாங்க, தலையில கட்டிப் படு, தலைவலி போகும்னு.

ஜனவரி 20, திங்கள்: ஒன்பதாவது மைல்

காலையில பெரியவர் வீட்டுக்கு வரச் சொல்லிட்டாரு. ராகிக் களி, அவங்க பாஷையில ஹிட்டு, கூட அவரைக்கொட்டைக் குழம்பு. அம்மா களியை எங்க ஊர் கேப்பைக் களி மாதிரியே குழி பண்ணிச் சாப்பிட்டதைப் பார்த்து அந்த வீட்டம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எவ்வளவோ சொல்லியும் பஸ்ஸுக்கு அவரே டிக்கெட் எடுத்தாரு.

ஒன்பதாவது மைல்ல இறங்கினா மரமே இல்லாத புல் மேடு, அலை அலையா. சினிமா ஷூட்டிங் மட்டம்னு கூட்டம் கூட்டமா போட்டோ எடுக்குறாங்க. காத்து ஆளைத் தள்ளுது. பெரியவர் எங்களைக் கூட்டத்தை விட்டு ஒதுக்குப்புறமா கூட்டிட்டுப் போனாரு. மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவுல பள்ளத்துல கொஞ்சூண்டு சோலை, அதுக்குக் கீழ கால் வச்சா அமுங்குற சதுப்பு. கை விட்டுப் பாருங்கன்னாரு. ஜனவரி மாசம், மழை நின்னு எத்தனையோ நாள் ஆச்சு, விரலுக்கு நடுவுல தண்ணி ஊறுது. இந்த மலை பூராவும் ஒரு காலத்துல இப்படித்தான் இருந்துச்சு, புல்லும் சோலையும், இதான் மழையைப் பஞ்சு மாதிரி வாங்கி வச்சு மெதுவா விடும், கீழ பவானி ஓடுறது இதாலன்னாரு. இந்த மலைப் பழங்குடியான தோடர் கோயிலுக்குக் கூரை வேயிற ஒரு புல்லு இந்தச் சதுப்புலதான் வளரும், சதுப்பு வத்தினா அந்தப் புல்லைத் தேடிக்கிட்டு அவங்க மைல் கணக்கா நடக்கணும். புல்வெளியை வெறும் தரிசுன்னு நெனச்சு அது மேலதான் கற்பூர மரமும் சீகை மரமும் (வாட்டில், சீகைக்காய் இல்ல) நட்டாங்க. விறகுக்குன்னு ஆரம்பிச்சது அப்புறம் தேயிலை ஃபேக்டரி அடுப்புக்கு, அதுக்கப்புறம் ரேயான் துணிக்குக் கூழ் எடுக்க.

அப்புறம் அவர் வேலை பார்த்த கதை. க்ளென்மார்கன்ல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பள்ளத்தாக்கு, ஒவ்வொண்ணும் முப்பது ஹெக்டேருக்குக் கொஞ்சம் மேல. ரெண்டுலயும் ஓடை வாசல்ல சின்ன அணை கட்டி எவ்வளவு தண்ணி வெளிய போகுதுன்னு அளந்தாங்க. நாலு வருஷம் சும்மா அளந்துட்டு, 1972-ல ஒரு பள்ளத்தாக்குல மட்டும் பாதிக்கு மேல புளூ கம் நட்டாங்க, இன்னொண்ணைப் புல்லாவே விட்டாங்க. மழையோ பனியோ போய் அளவு எழுதிட்டு வர்ற ஆள் இவரு. பத்து வருஷம் கழிச்சுக் கணக்குப் பார்த்தா மரம் நட்ட பள்ளத்துல தண்ணி வரத்து 16 சதவீதம் கொறைஞ்சிருந்துச்சு.

"சரி வெட்டிட்டா திரும்பும்னு நெனச்சோம் தம்பி. வெட்டினாங்க. அடிக்கட்டை தழைஞ்சது. ரெண்டாவது பத்து வருஷத்துல 25 சதவீதம் கொறைஞ்சது."

நான் நின்னுட்டேன். ஏன்னு கேட்டேன். வேர் எங்கயும் போகலையே, மேல வெட்டினாலும் கீழ பத்து வருஷம் வளர்ந்த வேர் அப்படியே உசிரோட இருக்கு, புதுக் கன்னு மாதிரி வேர் விட்டு வளர வேண்டிய காலம் அதுக்கு வேணாம், முதல் நாள்லேர்ந்தே ஆழத்துல உறிஞ்சும்னாரு. கோடையில ஓடை ஒல்லியா ஓடும்போதுதான் இன்னும் நல்லாத் தெரிஞ்சுச்சாம். உடனே இன்னொண்ணும் சொன்னாரு, இது மலைக் கணக்கு, இங்க மழை வேற, மண் வேற, உங்க ஊருக்கு அப்படியே எடுத்துட்டுப் போய்ப் போடாதீங்கன்னு. அளந்து அளந்து வாழ்ந்த மனுஷன், அதிகமா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்குறாரு.

மரத்து மேல உங்களுக்குக் கோபமான்னு கேட்டேன். எதுக்கு கோபம், எங்க அப்பா வீட்டு உத்தரம் கற்பூர மரம், சின்ன வயசுல குளிர் காய்ஞ்சது கற்பூர விறகு, மரம் அது பாட்டுக்கு வளருது, எங்க நடணும்னு முடிவு பண்ணது நாமதானன்னாரு.

திரும்பும்போது தோடர் அம்மா ஒருத்தங்க சிவப்பும் கறுப்பும் பூ போட்ட சால்வை விக்க உக்காந்திருந்தாங்க. சின்னதே 1,800 சொன்னாங்க. அம்மா தடவிப் பார்த்துட்டு வச்சுட்டாங்க, பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே சுத்தமா இருக்குதுன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டு வந்தாங்க. வாங்கிக் கொடுத்திருக்கணும், இப்ப வரைக்கும் உறுத்துது.

ஜனவரி 21, செவ்வாய்: கீழ இறங்கி ஊர் வரைக்கும்

பதினாலு கொண்டை ஊசி இறங்கி மேட்டுப்பாளையம் வந்ததும் வெக்கை மூஞ்சில அடிச்சுச்சு. ஸ்வெட்டரைக் கழட்டினாங்க அம்மா, உள்ள பாட்டி கொடுத்த இலை. டீக்கடையில பக்கத்துல உக்காந்தவரு சிறுமுகைக்காரர், விஸ்கோஸ் மில்லுல வேலை பார்த்தவரு. மலையிலேர்ந்து கற்பூர மரம் லாரி லாரியா இறங்கும், கூழாக்கி நூலாக்கி ரேயான் போகும், மூணு ஷிஃப்டும் ஆள் நிக்கும்னாரு. மில் மூடி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. கூட வேலை பார்த்தவங்க பேரை ஒவ்வொண்ணா சொல்லிட்டு வந்தாரு, எங்களுக்கு யாரையும் தெரியாது, ஆனாலும் கேட்டுக்கிட்டு இருந்தோம். பஸ் வந்துருச்சு.

கோயமுத்தூர், கரூர், திருச்சி. கரூர்ல பஸ் மாறும்போது அம்மா செருப்பு வார் அறுந்துருச்சு, தைச்சவரு இருபது ரூபா கேட்டாரு, அம்மா காலைப் பார்த்துட்டு வீக்கமா இருக்கேன்னு இன்னொரு வாரையும் சேர்த்துத் தளர்த்தித் தைச்சுக் கொடுத்தாரு, அதுக்குத் தனியா காசு வாங்கல.

கீரனூர் தாண்டும்போது இருட்டிருச்சு. எதிர்ல லாரி, பட்டை உரிச்ச மரம் வெள்ளை வெள்ளையா அடுக்கி, பின்னாடி ஒரு சிவப்புத் துணி. அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு. எல்லாம் பேப்பர் மில்லுக்குப் போறது. காகிதபுரத்துல 1980-கள்ல மில் ஆரம்பிச்சப்ப கரும்புச் சக்கையில பேப்பர் பண்ணத்தான் ஆரம்பிச்சாங்க, இப்ப விவசாயிங்ககிட்ட தைல மரமும் சவுக்கும் வாங்குறாங்க. எனக்கு ஸ்கூல் நோட்டு வாங்கின காசும் அந்த மாதிரி லாரியில போன மரத்துலதான் வந்திருக்கும், தங்கச்சி கல்யாணத்துக்கு 2019 வெட்டுதான் கை கொடுத்துச்சு. அப்பா தப்பு பண்ணாருன்னு நான் ஒருக்காலும் சொல்ல மாட்டேன். மழை இல்லாத மூணு வருஷத்தை அவரு பார்த்தாரு.

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே கேட்டாங்க, "அந்தப் பெரியவரு சொன்னது, வெட்டித் தழைஞ்சப்புறம் இன்னும் அதிகமா உறிஞ்சுச்சுன்னு, நம்மளது இப்ப எத்தனாவது?"

வெட்டி விட்டா மூணாவது தழைவுன்னேன்.

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், கண்மாய்க்குப் போற வரத்து வாரி ஓரமா இருக்குற மேக்குப் பக்கம் முக்கால் ஏக்கரையாவது கட்டையோட எடுத்துரணும், மிச்சத்தை ஒரு வெட்டு விட்டுப் பார்க்கலாம், கடன் இருக்குன்னாங்க. இதை நான் சொல்லல, அவங்களா சொன்னாங்க. நான் முழுசா எடுக்கணும்னு மனசுல நெனச்சுக்கிட்டு வந்தேன், இன்னும் அப்படித்தான் நெனைக்கிறேன், ஆனா வட்டி கட்டுறது அவங்க.

மறுநாள் காலையில வியாபாரிக்குப் போன் பண்ணினேன். டன்னுக்கு ஆறாயிரத்துச் சொச்சம்தான் தர முடியும், மேக்குப் பக்கம் கட்டை எடுக்குறதெல்லாம் எங்க வேலை இல்லன்னுட்டாரு. ஜேசிபிக்காரர் மணிக்கு 1,300 கேக்குறாரு, பதினாறு வருஷத்து வேர், ஒரு கட்டைக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு தோண்டினாத்தான் தெரியும்ங்குறாரு. மாசி பொறந்ததும் வரச் சொல்லியிருக்கேன். அம்மா முந்தியிலேர்ந்து அந்த ரெண்டு மூடியையும் அவிழ்த்து சாமி மாடத்துல அப்பா படத்துக்கிட்ட வச்சிருக்காங்க, பக்கத்துல 150 ரூபா பாட்டில்.